இரண்டாவது கிண்ண ரசம்

அந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே நீங்கள் கேட்கலாம், தம்பி. நான் எங்கேயும் போய்விடமாட்டேன். ஆனால் உங்கள் அம்மா ஸ்தானத்தில் ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு மனிதன் இரவுச் சாப்பாடாக உண்ணத்தக்கது இல்லை அது. தேங்காய்ப்பால் சோறு, பொரித்த நெத்திலி, சம்பல் என்ற பெயரில் எண்ணெயும் சர்க்கரையும். காய் என்று பார்த்தால் நாலு வில்லை வெள்ளரிக்காய். உங்கள் வயதில் என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சாப்பிட்டார்.

என் பெயர் சந்திரகலா. கிள்ளானில் சொந்த வீடு. போன மாதம் இறந்துபோன ராதாகிருஷ்ணன் என் கணவர். இருதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதில் தப்பு ஒன்றுமில்லை. சில விவரங்கள் விட்டுப்போய்விட்டன, அவ்வளவுதான். அவற்றைச் சொல்லத்தான் பஸ் ஏறி இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

உப்பு இல்லாமல் ருசியாகச் சமைக்க முடியாது என்பது சோம்பேறிகள் கிளப்பிவிட்ட கதை. மிளகைப் பொடியாக வாங்காமல் அப்போதைக்கப்போது இடித்துப் போட வேண்டும். கடுகு வெடித்து ஓயும்வரை அடுப்பைவிட்டு நகரக்கூடாது. பூண்டைப் பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், கருகவிட்டால் கசக்கும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். நாக்கு உப்பைத் தேடுவதற்குள் புளிப்பும் காரமும் போய் அதன் முன்னால் நின்றுவிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள்தான் ஆஸ்பத்திரிச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று மூக்கைச் சுளிப்பார்கள்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சர்க்கரைதான் காரணம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்தில் இயந்திரம் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. மற்றதெல்லாம் என் கையில் இருந்தது. பொட்டாசியம் கூடினால் இருதயம் தாறுமாறாக அடிக்கும் என்றார்கள். அதனால் காயை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன். தக்காளி கிடையாது, புளி கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. ரசம் என்றால் அவருக்கு உயிர். ரசமும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஆகவே மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை போட்டு நானே ஒரு ரசம் கண்டுபிடித்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் மட்டும் கொடுப்பேன்.

இன்னொரு கொள்கையும் வைத்திருந்தேன். நோயாளிக்கென்று தனிப் பானை வைக்கக்கூடாது. தனியாகச் சமைத்துப் போட்டால் அந்த மனிதன் மேசையிலேயே தனியாகிப்போவான். அவர் என்ன சாப்பிட்டாரோ அதைத்தான் நானும் சாப்பிட்டேன். சனி, ஞாயிறில் எங்கள் மகள் ஷாமினி வந்தால் அவளும் அதைத்தான் சாப்பிட்டாள். ஆகவே விஷம் என்ற வார்த்தையை நீங்கள் தட்டச்சு செய்யாமல் இருந்தால் நல்லது. என் சமையலில் விஷம் கிடையாது. ஒரே பானையில் மூன்று பேர் சாப்பிட்டோம்.

டயாலிசிஸ் நிலையத்தில் என் சமையலுக்கு நல்ல பெயர். அங்கே தாதியாக இருக்கும் நிலானிதான் மற்றக் குடும்பங்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். "ஆன்ட்டி, நாங்க இதெல்லாம் சாப்பிடக்கூடாதுன்னு மட்டும்தான் சொல்றோம். எதைச் சாப்பிடலாம்னு நீங்க சொல்லுங்க" என்றாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கேயே வகுப்பு எடுத்தேன். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். பெலிம்பிங் பழத்தின் படம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாகத் தெரியுமே, அதுதான். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு நாலு மொழியிலும் எழுதியிருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது அருமையான பழம். சிறுநீரகம் போனவர்களுக்கு அதில் இருக்கும் ஏதோ ஒன்று வெளியேற வழியில்லாமல் தலைக்கு ஏறிவிடும். முதலில் நிற்காத விக்கல் வரும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று நிலானி சொல்லியிருந்தாள். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் படத்தை நான்தான் கை நீட்டிக் காட்டுவேன்.

இப்போது நீங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்யாண வாழ்க்கை எப்படி என்று கேட்டால், அவர் அடித்ததில்லை, குடித்ததும் அதிகமில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு நாள் மட்டன் பிரட்டல், ஒரு நாள் மீகோரெங் நூடுல்ஸ். வந்ததும் கால் கழுவிவிட்டுப் படுத்துவிடுவார். நான் மேசையில் மூடி வைத்திருப்பேன். சில நாள் மூடியைத் திறந்து பார்ப்பார், மூடிவிடுவார். "வயிறு ஃபுல் லா, கலா" என்பார். காலையில் அதைக் கொட்டுவேன். முப்பது வருடம் கொட்டினேன். சண்டை போட்டதில்லை. சோற்றுக்காகச் சண்டை போட்டாள் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

நோய் வந்த பிறகு எல்லாம் மாறியது. தினமும் ஏழு மணிக்கு அவர் மேசையில் உட்கார்ந்திருப்பார். வேறு எங்கே போவார்? அவர் சாப்பிடக்கூடியது உலகத்திலேயே என் சமையலறையில் மட்டும்தான் இருந்தது. முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பிறகு "இன்னிக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். பயற்றங்காய்ப் பொரியலில் இஞ்சியை நீளமாகச் சீவிப் போட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டிக்கொண்டவரின் நாக்கை அறுபது வயதில் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு வருடமும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் ஷாமினி தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள்.

ஷாமினிக்கு முப்பத்தொரு வயது. பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பக்கத்திலேயே ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் சொன்னதும் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? ஒப்புக்காவது ஒரு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டாமா? அவர் சொல்லவில்லை. கண் கலங்கினார், அவள் தலையைத் தடவினார். அதற்குப் பிறகு அவர் பேச்செல்லாம் சாப்பாடாகிவிட்டது.

"ஆபரேஷன் முடியட்டும். மொதல்ல பினாங்குக்குப் போறோம், ஆட்டுக்கறிக் கொழம்பு ஊத்தி நாசி கண்டார் சாப்பிடறோம். நானே கார் ஓட்டறேன்."

"அப்பா, டாக்டர் என்ன சொல்றாரோ அதுதான் சாப்பிடணும்" என்றாள் ஷாமினி.

"உங்கம்மா கிச்சன்லருந்து எனக்கு விடுதலை லா. அது போதும்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

நான் யோசித்தது என் மகளைப் பற்றித்தான். இதை நீங்கள் தெளிவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழித்து ஓர் உறுப்பை எடுத்து, பினாங்கில் போய் ஆட்டுக்கறி தின்னப் போகிறவரிடம் கொடுப்பதா? நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? பிள்ளை உண்டானால் ஒரே சிறுநீரகத்தோடு அவள் என்ன பாடுபடுவாள்? அவளிடம் கேட்டால், ஒன்றும் ஆகாதும்மா, டாக்டர் எல்லாம் விளக்கமாகச் சொன்னார் என்றாள். அவளைத் தடுக்க முடியாது, அப்பா செல்லம். பரிசோதனைகள் நடந்தன. முடிவு வரவேண்டியது மட்டும் பாக்கி. போன் அடிக்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தேன்.

பக்கத்து வீட்டு இராஜம்மாவின் பெலிம்பிங் மரம் வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். அவர் நோயில் விழுந்த பிறகு இராஜம்மா அந்தப் பழத்தை எங்கள் வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நானாகவே கேட்டேன். ஷாமினி வருகிறாள், அவளுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றேன். நல்ல மனுஷி, பை நிறையப் பறித்துக் கொடுத்தாள்.

அன்று பிற்பகல் சமையலை ஆரம்பித்தேன். நடுவில் ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு மறுபடியும் அடுப்படிக்குப் போனேன்.

அன்றைய சாப்பாட்டைச் சொல்கிறேன், நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். தட்டில் பாதிக்குக் காய். முட்டைக்கோசும் பயற்றங்காயும் இரண்டு தண்ணீர் கொட்டியது. ஆளுக்கு ஒரு துண்டு மீன், மிளகும் மஞ்சளும் பூசி வாழையிலையில் சுற்றி ஆவியில் வேகவைத்தது. ஓர் அகப்பைச் சோறு. பிறகு ரசம். எலுமிச்சைக்குப் பதிலாக அந்தப் பழத்தின் சாறு. எலுமிச்சையின் புளிப்பு வெடுக்கென்று இருக்கும். இது அப்படியில்லை. பின்னால் ஒரு லேசான இனிப்பு வரும். வடிகட்டிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சமையல்காரியாகச் சொல்கிறேன், என் கையால் வைத்த ரசங்களிலேயே அதுதான் மிகச் சிறந்தது.

ஷாமினி ஆபீஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து நேராக வந்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"இன்னிக்கு என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதான்."

"இல்லடி. இன்னிக்கு வேற மாதிரி இருக்கு. நல்லாருக்கு" என்றார். பிறகு காலிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து கலா."

தம்பி, கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் என் சமையலில் இரண்டாவது முறை எதையும் கேட்டதில்லை.

"அம்மா, தண்ணி கணக்கு?" என்றாள் ஷாமினி.

"இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று ஊற்றினேன். நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

"ரிசல்ட் வந்துருச்சாம்மா? உங்க போனுக்குத்தான் கூப்பிடுவாங்கன்னு அப்பா சொன்னாரு."

"வரல. சாப்பிடு, ஆறிடப் போகுது."

சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் அவர் டிவி பார்த்தார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதல் விக்கல் வந்தது. யாரோ உங்களை நினைக்கிறார்கள் என்று ஷாமினி கேலி செய்தாள். அவரும் பழைய கூட்டாளிகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். யார் பெயருக்கும் நிற்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகும் விக்கல் அடங்கவில்லை. தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஷாமினி ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டு கிண்ணம் ரசம் குடிச்சாச்சு. இனிமே தண்ணி குடுத்தா நெஞ்சுல தண்ணி கட்டிக்கும்" என்றேன்.

அது உண்மைதான். அவர் உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேரலாம் என்பதில் நான் எப்போதும் கண்டிப்பாக இருப்பேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாம்மா? இது ஒரு மாதிரி இருக்கு."

"விக்கலுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? காலையில டயாலிசிஸ் இருக்கு. மிஷின்ல போட்டா எல்லாம் சரியாயிடும். நாளைக்குச் சனிக்கிழமையும் உனக்கு ஆபீஸ்ல மீட்டிங்னு சொன்னியே, கிளம்பு. ரயில விட்டுடாத."

அவள் வாசலில் நின்று அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் விக்கலுக்கு நடுவில் கையை ஆட்டி, "போம்மா, ஒண்ணுமில்ல" என்றார். அவள் போனாள்.

அதன்பிறகு நடந்ததை நீட்டி முழக்க விருப்பமில்லை. அவர் பேச்சு குழறியது. இது யார் வீடு என்று என்னைக் கேட்டார். நம் வீடுதான் என்றேன். கை கால் வெட்டி இழுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலை கட்டிலில் இடிக்காமல் பிடித்துக்கொண்டேன். மசூதியில் விடியற்காலை அழைப்பு கேட்ட பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். வீட்டுச் சாப்பாடுதான், டாக்டர், இரண்டு வருடமாக வெளியே ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்றேன். என் வகுப்பைப் பற்றி நிலானி அவரிடம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. நீங்கள் செய்ததற்கு மேல் யாராலும் செய்திருக்க முடியாது என்றார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். ஷாமினி என்னோடு தங்கினாள். சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் சாயங்காலம், "அம்மா, அப்பா கடைசியா கேட்டு வாங்கிக் குடிச்சாரே, அந்த ரசம் வைங்க" என்றாள். வைத்தேன். எலுமிச்சை பிழிந்துதான் வைத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது அது இல்லம்மா. அதுல பின்னால ஒரு இனிப்பு இருந்துச்சு."

ருசி தெரிந்த நாக்கு. என் மகள் இல்லையா?

ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இராஜம்மா வேலியோரம் வந்து நின்றாள். கையில் ஒரு பை.

"அக்கா, மரத்துல பழுத்துக் கொட்டுது. அன்னிக்கு ஊறுகாய்க்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே, இன்னும் வேணுமா? ஷாமினி, ஊறுகாய் நல்லா வந்துச்சாம்மா?"

"என்ன ஊறுகாய், ஆன்ட்டி?" என்றாள் ஷாமினி.

இராஜம்மா பையை விரித்துக் காட்டினாள். ஷாமினி பழத்தைப் பார்த்தாள். அப்பாவை எத்தனையோ முறை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேலே இருக்கும் படம் அவளுக்கும் தெரியும். இராஜம்மா தன் வீட்டுக்குள் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்காகவாம்மா? நான் கிட்னி குடுக்கக்கூடாதுன்னா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் குடுக்கறேன்னு சொல்லாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். மறுநாள் அவளாக உங்களிடம் வருவதற்கு முன்னால் நானே வந்துவிடலாம் என்று தோன்றியது. பெற்றவளைப் போலீஸில் காட்டிக்கொடுத்த பாவம் அவளுக்கு எதற்கு?

ஆகவே இப்படித் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். சந்திரகலா ஆகிய நான், கொடுக்கக்கூடாது என்று தெரிந்தே என் கணவருக்கு அந்த ரசத்தைக் கொடுத்தேன். விக்கல் வந்தபோது அது எதனால் என்று தெரிந்தே சும்மா இருந்தேன். என் மகளைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன். படித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன்.

பிற்பகல் வந்த போனா? அது யாருடையது என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் இதில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

நிலானிதான் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களுக்குத் தகவல் வந்துவிட்டதாம். "ஆன்ட்டி, மனச தேத்திக்குங்க. ஷாமினியோட கிட்னி அங்கிளுக்கு ஒத்து வரல. ஆபரேஷன் இல்ல. திங்கக்கிழமை டாக்டரே ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லுவாரு, அதுக்கு முன்னால நீங்க பக்குவமா சொல்லி வைங்க" என்றாள். திங்கட்கிழமைக்குள் அவர் போய்விட்டார், பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஷாமினிக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம், அவள் தாங்கமாட்டாள்.

நிலானிக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அடுப்படிக்குத் திரும்பினேன். சாறு பிழிந்து வடிகட்டி ஒரு கிண்ணத்தில் இருந்தது. இன்னும் தாளிக்கவில்லை. கழுவுதொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இனி என் மகளை யாரும் கிழிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடம் அந்த மனிதருக்காகச் செய்ததையெல்லாம் நான் கொட்டியிருக்கிறேன், தம்பி. அன்றைக்கும் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.